ஒரே வார்டு, ஒரே காய்ச்சல்: யார் பிழைத்தார்கள், யார் இறந்தார்கள்?

காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல் என்று ஒரே வாரத்தில் நூறு பேர் ஒரு மருத்துவமனையில் சேருகிறார்கள். நூறு பேருக்கும் ஒரே வைரஸ். ஆனால் முடிவு ஒன்றாக இருப்பதில்லை. சிலர் ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போகிறார்கள். சிலர் போவதே இல்லை. ஏன் இந்த வித்தியாசம்?

இன்றைக்கு இந்தக் கேள்விக்கு மருத்துவர்கள் கையில் ஒரு பட்டியல் இருக்கிறது. முதுமை, சர்க்கரை நோய், இதய நோய், நுரையீரல் நோய், கர்ப்பம், உடல் பருமன், ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவு... இவற்றுக்கு 'ஆபத்துக் காரணிகள்' என்று பெயர். இந்தப் பட்டியல் ஒரே நாளில் எழுதப்பட்டதல்ல. ஒவ்வொரு கொள்ளை நோயும் வந்து, ஆட்களைக் கொன்று, அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு வரியும் சேர்ந்தது. அதில் மிகப் பெரிய பாடம் 1918-ல் வந்த இன்ஃப்ளூயன்சா. உலகம் முழுவதும் குறைந்தது 5 கோடிப் பேர் இறந்திருப்பார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

முதலில் அதன் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 'ஸ்பானிஷ் ஃப்ளூ' என்று சொன்னாலும் அது ஸ்பெயினில் தொடங்கியதாக எந்த ஆதாரமும் இல்லை. முதல் உலகப் போரில் இருந்த நாடுகளில் பத்திரிகைத் தணிக்கை இருந்தது. ஸ்பெயின் போரில் சேரவில்லை, அதனால் அங்கே செய்தி தடையில்லாமல் வந்தது. 1918 மே மாதத்தில் மன்னர் 13-ம் அல்ஃபோன்சோவே நோயில் படுத்தார். உண்மையை எழுதிய நாட்டின் பெயரே நோய்க்கு ஒட்டிக்கொண்டது!

டெவன்ஸ் முகாம், செப்டம்பர் 1918

1918 வசந்த காலத்தில் வந்த முதல் அலை சாதாரணமாகவே இருந்தது. நிறையப் பேர் படுத்தார்கள், சிலரே இறந்தார்கள். இரண்டாவது அலை அப்படி இல்லை. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக்கு அருகே இருந்த டெவன்ஸ் ராணுவ முகாமை அது செப்டம்பரில் தாக்கியது. சுமார் 35,000 பேருக்காகக் கட்டிய முகாமில் அப்போது 45,000 பேர் வரை இருந்தார்கள். எல்லோரும் போருக்குப் போகக் காத்திருந்த இளைஞர்கள். உடல் தகுதிப் பரிசோதனையில் தேறியவர்கள். அதாவது நாட்டிலேயே ஆரோக்கியமானவர்கள் என்று பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள்.

முகாமின் மருத்துவமனை சில நாட்களிலேயே நிரம்பி வழிந்தது. வராந்தாக்களிலும் கட்டில் போட்டார்கள். செவிலியர்களும் நோயில் விழுந்தார்கள். செப்டம்பர் 23-ம் தேதி அமெரிக்காவின் மிகப் பெரிய மருத்துவ அறிஞர்களில் ஒருவரான வில்லியம் வெல்ச், விக்டர் வாகன், ரூஃபஸ் கோல் ஆகியோர் அங்கே வந்து பார்த்தார்கள். ஒரே நாளில் 63 பேர் இறந்ததை வாகன் பிற்காலத்தில் நினைவு கூர்ந்திருக்கிறார். பிரேதப் பரிசோதனை அறையில் திறந்து வைத்த நுரையீரல்களைப் பார்த்த வெல்ச், இது ஏதோ புதுவகைத் தொற்றாகவோ கொள்ளை நோயாகவோ இருக்க வேண்டும் என்றாராம். காற்று நிரம்பி லேசாக இருக்க வேண்டிய நுரையீரல், நீரும் ரத்தமும் தேங்கிக் கனத்துக் கிடந்தது.

முகத்தின் நிறம்

அந்தக் காலத்தில் ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று படுக்கை அருகே அளந்து சொல்லும் கருவி எதுவும் கிடையாது. மருத்துவர்களுக்கு இருந்தது கண் மட்டும்தான். அந்தக் கண் ஒரு விஷயத்தைச் சீக்கிரமே கண்டுகொண்டது. முகம் சிவந்திருக்கும் நோயாளி பெரும்பாலும் பிழைத்தார். உதடும் காதும் நீலம் பாய்ந்து, அந்த நீலம் முகம் முழுவதும் பரவிய நோயாளி பெரும்பாலும் பிழைக்கவில்லை.

பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர்கள் இந்த நிறத்துக்கு 'ஹீலியோட்ரோப்' என்ற பூவின் பெயரை வைத்தார்கள். அது வெளிர் ஊதா நிறப் பூ. நம் ஊரில் வயல் ஓரங்களில் வளரும் தேள்கொடுக்குச் செடியும் அதே இனம்தான். பிரான்ஸில் எட்டாப்ல்ஸ், இங்கிலாந்தில் ஆல்டர்ஷாட் ஆகிய ராணுவ மருத்துவமனைகளில் 1916-17 குளிர்காலத்திலேயே இதே போன்ற நீலத்தோடு சீழ் கலந்த சளியும் கண்டு சிலர் இறந்ததை மருத்துவர்கள் எழுதி வைத்திருந்தார்கள். 1918-ல் அந்த நிறம் ஆயிரக்கணக்கான கட்டில்களில் தெரிந்தது.

இறப்பை முன்கூட்டியே சொல்லும் அறிகுறி கிடைத்துவிட்டது. ஆனால் தடுக்க வழி இல்லை. ஆக்சிஜன் கொடுக்கும் முறை அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தது. ஆன்டிபயாடிக் கிடையாது. செயற்கை சுவாசக் கருவி கிடையாது. இருந்ததெல்லாம் படுக்கை, தண்ணீர், கஞ்சி, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள ஒரு ஆள். அந்த ஆள் இருந்தாரா இல்லையா என்பதே பல இடங்களில் உயிரைத் தீர்மானித்தது.

தலைகீழான வயதுக் கணக்கு

வழக்கமான ஃப்ளூ கைக்குழந்தைகளையும் முதியவர்களையும் கொல்லும். நடுவில் இருப்பவர்கள் தப்பிவிடுவார்கள். வயது வாரியாக இறப்பு விகிதத்தை வரைந்தால் இரண்டு பக்கமும் உயர்ந்து நடுவில் தாழ்ந்த பள்ளம் போலக் கோடு வரும். 1918-ல் அந்தப் பள்ளத்தின் நடுவே ஒரு மலை முளைத்தது. இறந்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் 20 முதல் 40 வயதுக்குள் இருந்தவர்கள். அமெரிக்காவில் 15 முதல் 34 வயது வரை உள்ளவர்களிடையே ஃப்ளூ, நிமோனியா இறப்பு விகிதம் முந்தைய ஆண்டுகளைப் போல 20 மடங்குக்கு மேல் உயர்ந்தது. 65 வயதைத் தாண்டியவர்களோ எதிர்பார்த்த அளவுக்குச் சாகவில்லை.

ஏன்? நூறு ஆண்டு கழிந்தும் முழு விடை இல்லை. ஆனால் இரண்டு விளக்கங்கள் வலுவாக இருக்கின்றன.

ஒன்று, முதல் தொற்றின் நினைவு. ஒருவர் குழந்தைப் பருவத்தில் எந்த ஃப்ளூ வைரஸை முதலில் சந்திக்கிறாரோ, அதை அவருடைய எதிர்ப்பு சக்தி வாழ்நாள் முழுவதும் நினைவில் வைத்திருக்கிறது. 1889-90-ல் 'ரஷ்யக் காய்ச்சல்' என்ற கொள்ளை நோய் உலகைச் சுற்றியது. அது வேறு வகை வைரஸாக இருந்திருந்தால், அந்த நேரத்தில் பிறந்தவர்களின் உடல் 1918-ல் தவறான எதிரிக்குத் தயாராக நின்றிருக்கும். 2013-ல் கனடிய ஆய்வாளர்கள் இறப்புப் பதிவுகளை ஆராய்ந்தபோது, சாவு உச்சத்தில் இருந்தது சரியாக 28 வயதில். 1918-லிருந்து 28-ஐக் கழித்தால் 1890! முதியவர்களோ அதற்கும் முன்பே 1918 வைரஸைப் போன்ற ஒன்றைச் சந்தித்திருக்கலாம்.

இரண்டாவது, உடலின் சொந்தப் படையே எல்லை மீறுவது. 2007-ல் 1918 வைரஸை மறுபடியும் உருவாக்கிக் குரங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, அவற்றின் எதிர்ப்பு சக்தி கட்டுக்கடங்காமல் பொங்கி நுரையீரலையே சிதைத்தது. வலுவான இளம் உடல்களில் இந்தப் பொங்கல் இன்னும் கடுமையாக இருந்திருக்கலாம் என்பது வாதம்.

தாய்மார்கள்

இளைஞர்களிலும் ஒரு கூட்டம் மற்றவர்களைவிட அதிகமாக இறந்தது. கர்ப்பிணிகள். 1919-ல் ஜான் ஹாரிஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1,350 கர்ப்பிணிகளின் விவரங்களைத் திரட்டி வெளியிட்டார். ஃப்ளூ கண்ட அந்தப் பெண்களில் 27 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். ஏறத்தாழ பாதிப்பேருக்கு நிமோனியா வந்தது. நிமோனியா வந்தவர்களில் பாதிக்கு மேல் பிழைக்கவில்லை. பிழைத்தவர்களிலும் பலர் கருவை இழந்தார்கள்.

இந்தக் கணக்கு முக்கியமானது. கர்ப்பிணி என்றால் கூடுதல் ஆபத்து என்பது அனுபவத்தில் தெரிந்த விஷயமாக மட்டும் இல்லாமல் எண்ணாகப் பதிவானது. 1957-ல் அடுத்த கொள்ளை நோய் வந்தபோதும், 2009-ல் பன்றிக் காய்ச்சல் வந்தபோதும் இதே உண்மை திரும்பவும் தெரிந்தது.

கொன்றது வைரஸா, பாக்டீரியாவா?

1918-ல் மருத்துவர்களுக்கு எதிரி யார் என்றே சரியாகத் தெரியாது. 1892-ல் ஜெர்மானிய அறிஞர் ரிச்சர்ட் ஃபைஃபர் ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடித்து, ஃப்ளூவுக்கு இதுதான் காரணம் என்று அறிவித்திருந்தார். பெரும்பாலோர் அதை நம்பினார்கள். ஆய்வகங்கள் அந்தக் கிருமியைத் தேடின. சில நோயாளிகளிடம் கிடைத்தது, பலரிடம் கிடைக்கவில்லை. உண்மையான காரணமான வைரஸை மனிதரிடமிருந்து பிரித்தெடுத்தது 1933-ல்தான். லண்டனில் வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா ஆகிய மூவர் அதைச் செய்தார்கள்.

ஆனால் பழைய மருத்துவர்கள் முற்றிலும் தவறவும் இல்லை. 2008-ல் மோரன்ஸ், டாபன்பெர்கர், ஃபவுச்சி ஆகிய மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். 1918-19-ல் இறந்த 58 பேரின் நுரையீரல் துண்டுகள் அமெரிக்க ராணுவ நோய்க்கூறு நிறுவனத்தில் மெழுகில் பதித்துப் பாதுகாக்கப்பட்டிருந்தன. அவற்றை எடுத்துப் புதிதாக ஆராய்ந்தார்கள். கூடவே 8,398 பிரேதப் பரிசோதனைகள் பற்றிய பழைய அறிக்கைகளையும் படித்தார்கள். முடிவு: பெரும்பாலான சாவுகளில் கடைசி அடி கொடுத்தது பாக்டீரியா. வைரஸ் மூச்சுக்குழாயின் உட்சுவரை உரித்துக் கதவைத் திறந்துவிட்டது. சாதாரணமாக மூக்கிலும் தொண்டையிலும் குடியிருக்கும் நிமோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்றவை அந்தக் கதவு வழியே நுரையீரலுக்குள் இறங்கின. பலர் நோய் கண்ட முதல் இரண்டு மூன்று நாளில் சாகாமல் ஒரு வாரம், பத்து நாள் கழித்து இறந்ததற்கும் இது பொருந்துகிறது.

நெரிசலான முகாம்கள் ஏன் அவ்வளவு மோசமாக அடிபட்டன என்பதும் இப்போது புரியும். பக்கத்துக் கட்டில்காரரின் இருமல் வைரஸை மட்டும் கொடுக்கவில்லை, நிமோனியாக் கிருமியையும் சேர்த்துக் கொடுத்தது. முகாமுக்குப் புதிதாக வந்த ஆட்கள், பல மாதங்களாக அங்கே இருந்தவர்களைவிட அதிகமாக இறந்தார்கள்.

இங்கே சரித்திரத்தில் ஒரு வேடிக்கை. அலெக்சாண்டர் ஃபிளெமிங் பென்சிலினைப் பற்றி 1929-ல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே ஃபைஃபரின் கிருமி இருக்கிறது! பென்சிலின் மற்ற பாக்டீரியாக்களைக் கொன்று அந்தக் கிருமியை மட்டும் விட்டுவைக்கும், அதனால் ஆய்வகத்தில் அதைத் தனியாகப் பிரிக்க உதவும் என்று எழுதினார். 1918-ல் இறந்தவர்களில் எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய மருந்து, ஃப்ளூவின் காரணமாகத் தவறாக நினைக்கப்பட்ட ஒரு கிருமியை வளர்க்கும் உபாயமாக உலகுக்கு அறிமுகமானது.

மருந்தே நஞ்சானதா?

மருத்துவமனையில் கிடைத்த சிகிச்சையும் சிலருக்கு ஆபத்தாக இருந்திருக்கலாம். அப்போது காய்ச்சலுக்குக் கைகண்ட மருந்து ஆஸ்பிரின். அமெரிக்காவில் பேயர் நிறுவனத்தின் காப்புரிமை 1917-ல் முடிந்ததால் பல கம்பெனிகள் அதைத் தயாரித்து விற்றன. 1918-ல் ஒரு நாளைக்கு 8 முதல் 31 கிராம் வரை கொடுக்கப் பரிந்துரைகள் இருந்தன. இன்றைய உச்ச அளவு சுமார் 4 கிராம்தான். அளவுக்கு மிஞ்சிய ஆஸ்பிரின் நுரையீரலில் நீர் கோர்க்கச் செய்யும். 2009-ல் கேரன் ஸ்டார்கோ என்ற மருத்துவர் இதைச் சுட்டிக்காட்டி, ஆரம்ப நாட்களிலேயே இறந்த சிலரின் சாவில் ஆஸ்பிரினுக்கும் பங்கு இருந்திருக்கலாம் என்றார். இது கருதுகோள்தான். எத்தனை பேர் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆஸ்பிரின் அதிகம் எட்டாத இடங்களிலும் மக்கள் கொத்துக் கொத்தாக இறந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

பம்பாய்: பட்டியலில் ஏறாத காரணம்

இதுவரை பார்த்தவை எல்லாம் உடலுக்குள் இருக்கும் காரணங்கள், அல்லது வார்டுக்குள் இருக்கும் காரணங்கள். ஆனால் 1918-ல் உலகிலேயே அதிகம் பேர் இறந்தது இந்தியாவில். மதிப்பீடுகள் 1 கோடியே 20 லட்சத்திலிருந்து 2 கோடி வரை செல்கின்றன. அவர்களில் பெரும்பாலோர் எந்த வார்டையும் பார்க்கவில்லை.

நோய் 1918 ஜூனில் பம்பாய் துறைமுகம் வழியாக நுழைந்தது. செப்டம்பரில் கொடிய இரண்டாம் அலை எழுந்தது. அக்டோபர் 6-ம் தேதி ஒரே நாளில் பம்பாய் நகரில் 768 இறப்புகள் பதிவாயின. அந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்திருந்தது. போரினால் தானிய விலை ஏறியிருந்தது. அரசு மருத்துவர்களில் பலர் போர்முனைக்குப் போயிருந்தார்கள். நோய் மேற்கிலும் மத்திய இந்தியாவிலும் கடுமையாகவும், கிழக்கே போகப் போகச் சற்றுத் தணிந்தும் தாக்கியது.

பம்பாய் நகரச் சுகாதார அதிகாரி தந்த கணக்கு இன்றும் படிப்பவரை உலுக்கும். ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் இறந்தார்கள் என்று சமூகவாரியாக அதில் இருக்கிறது. ஐரோப்பியர்: 8.3. பார்சிகள்: 9.0. 'தாழ்ந்த சாதி இந்துக்கள்' என்று அந்த அறிக்கை குறித்த மக்கள்: 61.6. ஒரே நகரம், ஒரே வைரஸ். வித்தியாசம் ஏழு மடங்குக்கு மேல்!

இதற்கு வைரஸ் காரணமாக முடியாது. காற்று புகாத ஒற்றை அறைகளில் பத்துப் பேர் படுத்துறங்கும் வாழ்க்கை, அரைவயிற்றுச் சாப்பாடு, படுத்தால் அன்றைய கூலி போய்விடும் நிலை, வீட்டில் எல்லோரும் படுத்துவிட்டால் தண்ணீர் எடுத்துக் கொடுக்கக்கூட ஆளில்லாத கொடுமை... காரணங்கள் இவைதான். இந்தியாவில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் இறந்தார்கள். கடைசியாகச் சாப்பிடுபவரும், நோயாளிக்குப் பக்கத்திலேயே இருந்து பணிவிடை செய்பவரும் வீட்டில் பெண்தானே!

1911-ல் சுமார் 25 கோடியே 21 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1921 கணக்கெடுப்பில் 25 கோடியே 13 லட்சமாகக் குறைந்திருந்தது. இந்தியக் கணக்கெடுப்பு வரலாற்றில் மக்கள்தொகை குறைந்த ஒரே பத்தாண்டு அதுதான்.

பிறகு வந்த பாடங்கள்

1957-ல் 'ஆசிய ஃப்ளூ' வந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பல் மூலம் மே மாதத்தில் அது சென்னைக்குள் நுழைந்து நாடு முழுவதும் பரவியது. இம்முறை ஆன்டிபயாடிக் இருந்தது. இந்தியாவில் 44 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதாகப் பதிவானது. பதிவான இறப்புகள் சுமார் 1,100. மேலை நாட்டு மருத்துவமனைகளில் இறந்தவர்களைப் பார்த்தபோது இதய நோயாளிகளும் நுரையீரல் நோயாளிகளும் கர்ப்பிணிகளும் அதிகம் இருந்தார்கள். 1960-ல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர், முதியவர்கள், நாள்பட்ட நோயாளிகள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடப் பரிந்துரைத்தார். இறந்தவர்களைப் பார்த்து எழுதிய பட்டியல், உயிரோடு இருப்பவர்களைக் காக்கும் பட்டியலாக மாறியது.

2003-ல் சார்ஸ் வந்தது. 8,096 பேருக்குத் தொற்றி 774 பேரைக் கொன்றது. ஹாங்காங் மருத்துவமனைகளில் 60 வயதுக்குக் கீழே இருந்தவர்களில் சுமார் 13 சதவீதமும், அதற்கு மேற்பட்டவர்களில் சுமார் 43 சதவீதமும் இறப்பார்கள் என்று கணித்தார்கள். டொரான்டோவில் சர்க்கரை நோய் தனியாகவே ஆபத்தைக் கூட்டுவது தெரிந்தது. 2009 பன்றிக் காய்ச்சல் உடல் பருமனைப் பட்டியலில் சேர்த்தது.

2020-ல் கொரோனா. முதுமை மறுபடியும் முதலிடத்துக்கு வந்தது. அந்த ஆண்டு ஜூனில் பிரிட்டனில் நடந்த பெரிய சோதனையில், டெக்சாமெதசோன் என்ற மலிவான பழைய மருந்து, சுவாசக் கருவியில் இருந்தவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. அது வைரஸைக் கொல்லும் மருந்தல்ல, உடலின் எதிர்ப்புப் பொங்கலை அடக்கும் மருந்து.

நீலத்திலிருந்து எண்ணுக்கு

1918-ல் மருத்துவர்கள் முகத்தில் தேடிய அந்த நீலம் என்ன ஆயிற்று? அது ஒரு எண்ணாக மாறிவிட்டது. 1974-ல் ஜப்பானிய பொறியாளர் டகுவோ அவோயாகி, விரலிலோ காதிலோ ஒளியைச் செலுத்தி ரத்த ஆக்சிஜனை அளக்கும் வழியைக் கண்டார். அதுதான் பல்ஸ் ஆக்சிமீட்டர். 2021-ல் இந்தியாவில் வீட்டுக்கு வீடு அந்தச் சின்னக் கருவியை மாட்டிக்கொண்டு, 94-க்குக் கீழே இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவோயாகி 2020 ஏப்ரலில் காலமானார். அவர் கருவியின் அருமையை உலகம் முழுவதும் உணர்ந்த நேரம் அது.

ஆனால் 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு, கறுப்பு நிறத் தோல் உள்ளவர்களிடம் இந்தக் கருவி ஆக்சிஜன் குறைவைக் கண்டுபிடிக்கத் தவறுவது வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் என்று காட்டியது. 1918-ல் கண்ணுக்கு இருந்த குறை, நூறு ஆண்டு கழித்துக் கருவிக்கும் இருக்கிறது.

முடிவாக

ஆபத்துக் காரணிகளின் பட்டியல் வெறும் பரீட்சைப் பாடம் அல்ல. யாருக்கு முதலில் படுக்கை, யாருக்கு முதலில் தடுப்பூசி, யாரை வீட்டுக்கு அனுப்பலாம் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. அதில் பெயர் இல்லாதவர் வரிசையில் பின்னால் நிற்க வேண்டியிருக்கும். கர்ப்பிணிகளை 1919-ல் ஒருவர் எண்ணினார், அதனால் அவர்கள் பட்டியலில் இருக்கிறார்கள். சர்க்கரை நோயாளிகளையும் உடல் பருமன் உள்ளவர்களையும் மருத்துவமனைகள் எண்ணின, அவர்களும் இருக்கிறார்கள்.

பம்பாயின் 61.6 என்ற எண்ணும் அதே காலத்தில்தான் எழுதப்பட்டது. ஆனால் பசி, நெரிசல், பார்த்துக்கொள்ள ஆளின்மை என்ற மூன்று காரணங்களும் வார்டு அட்டைகளில் ஒரு கட்டமாக அச்சாவது அரிது. மருத்துவமனை வாசலுக்கு வந்து சேர்ந்தவர்களை வைத்துத்தான் பட்டியல் எழுதப்படுகிறது. வாசலுக்கே வர முடியாதவர்களையும் சேர்த்து எண்ணினால்தான் அடுத்த கொள்ளை நோயின்போது கணக்கு சரியாக இருக்கும்.